ஹெட்செட்டுக்குள் வராத குரல்

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு நேர்காணல். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஹெட்செட்டை லேப்டாப்போடு சேர்க்கத் தெரியாதவள் எல்லாம் என்ன டீச்சர் என்று யாராவது சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். நடுவிலேயே சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லித்தரும் வேலை. தமிழில் எம்.ஏ., அதற்கு மேல் பி.எட். இரண்டும் பீரோவுக்குள் பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்தன. விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டார்கள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் கோழிப்பண்ணைக்காரர். வீட்டின் பின்பக்கம் முப்பது எட்டு வைத்தால் கொட்டகை. தீவனம், தண்ணீர், முட்டை வண்டி, இதைத் தாண்டி அவருக்கு உலகம் கிடையாது. முன்கூட்டியே சொன்னால், “நமக்கெதுக்குப் புள்ள அதெல்லாம்” என்பார். வேலை கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் தமிழ் எடுத்தேன். மகள் பிறந்ததும் நின்றேன். அவளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம் அதே பள்ளியில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “கேட்டுச் சொல்றேன்” என்று மாமியாரின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். “ஊட்டுல வேண்டாங்கறாங்க” என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

வீட்டில் என்றால் யார்? மாமனார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சமிருந்தது அத்தை மட்டும். நான் போய் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். சோறு நேரத்துக்குப் போகும், காப்பி போகும், மாத்திரை போகும். “சாப்பிடுங்க”, “மாத்திரை”. இந்த இரண்டு சொல்லுக்கு மேல் என் வாயிலிருந்து எதுவும் போகாது. ஊரில் கேட்டால் நல்ல மருமகள் என்றுதான் சொல்வார்கள். பதினைந்து வருடம் இப்படியே ஓடியது. இரண்டு வருடம் முன்பு ஆடியில் அத்தை தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கியதும், இனி தடுக்க ஆளில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்க வேண்டியதில்லை. தோன்றியது.

ஆக, இந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்லை. என் பதினேழு வருடம் இதில் கிடந்தது. அந்தப் பதினேழு வருடத்துக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒரு ஹெட்செட் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர்கள் அனுப்பிய மெயிலில் மூன்று முறை எழுதியிருந்தார்கள். ஹெட்செட் கட்டாயம். முன்னதாகவே சோதித்துப் பார்த்துக்கொள்ளவும். கணினியைத் தாமாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப், மகள் கல்லூரியில் படிக்கும்போது வைத்திருந்தது. அதன்மேல் ஒரு முறை டீ கொட்டியதிலிருந்து அதன் வாய் போய்விட்டது. படம் வரும், நாம் பேசுவது அந்தப் பக்கம் போகும், ஆனால் அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் நமக்குக் கேட்காது. போனுக்கு நான் வைத்திருக்கும் ஒயர் இல்லாத ஹெட்செட்டை இதில் சேர்த்துவிட்டால் போதும், ரெண்டு நிமிட வேலை என்று மகள் சொல்லியிருந்தாள்.

ரெண்டு நிமிடம்!

முதல் தப்பு நான் செய்தது. தமிழ் வேலைக்குப் போகிறோமே என்று முந்தின நாள் லேப்டாப்பையே தமிழுக்கு மாற்றி வைத்தேன். செட்டிங்ஸ் என்று இருந்தவரை எனக்குப் புரிந்தது. ‘அமைப்புகள்’ என்று ஆனதும் எங்கே போவது என்று தெரியவில்லை. ‘சாதனத்தைச் சேர்’ என்று ஒரு இடத்தில் இருந்தது. என்ன சாதனம்? நான் என்ன சாதித்தேன்? எம்.ஏ. தமிழ் படித்தவள் தமிழைப் பார்த்து முழிக்கிற கொடுமையை யாரிடம் சொல்வது. மகளுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, ஹெட்செட்ல ஒரு பட்டன் இருக்குமில்ல, அத அமுத்திப் புடி. அஞ்சு செகண்டு. லைட்டு மாறி மாறி எரியும்.”

அமுத்திப் பிடித்தேன். மகளைக் காணோம். லைன் போய்விட்டது. கோயமுத்தூரில் டவர் சரியில்லை போல என்று நினைத்து மறுபடியும் போட்டேன்.

“ஏம்மா கட் பண்ணுன?”

“நா எங்கடி கட் பண்ணுனேன்? நீதான் போயிட்ட.”

“சரி, அமுத்திப் புடி.”

பிடித்தேன். மறுபடியும் ஆள் இல்லை. மூன்றாம் தடவையும் அதே கதைதான். நாலாம் தடவை போட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, நீ எதுல பேசிட்டிருக்கற?”

“ஹெட்செட்லதான். கை ரெண்டும் வேணுமே எனக்கு.”

“அய்யோ கடவுளே! அதையே அமுத்துனா கால் கட்டாகாம என்ன பண்ணும்? மொதல்ல அதப் போன்லேருந்து கழட்டு.”

“ஒயரே இல்லையேடி, எங்க கழட்டறது?”

“கழட்டறதுன்னா கழட்டறதில்லம்மா. போன்லயே இருக்கும், புளூடூத்னு... அம்மா, எனக்கு மீட்டிங் வந்துருச்சு. அப்பறம் பேசறேன்.”

கழட்டு என்றவள் கழட்டுவது கழட்டுவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனால் நான் எதை எடுத்துக்கொள்வது? ஹெட்செட்டைக் கழுத்திலிருந்து கழட்டி மேஜைமேல் வைத்தேன். போனைத் தூரமாக, பீரோமேல் வைத்தேன். இரண்டையும் பிரித்து வைத்தாகிவிட்டது. இதற்கு மேல் என்ன கழட்டுவது?

மணி பத்தேகால் ஆகிவிட்டது. வாசலில் முட்டை வண்டி ஹாரன் அடித்தது. வீட்டுக்காரர் கேட்டுப் பக்கம் போவது சன்னல் வழியாகத் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று, வண்டியில் ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று நினைத்தேன். கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. கோழிக்குப் பகலெல்லாம் பாட்டுப் போட்டு வைப்பார். சத்தம் பழகிவிட்டால் வேறு எந்தச் சத்தத்துக்கும் மிரளாது என்பது அவர் கணக்கு.

மறுபடியும் ‘சாதனத்தைச் சேர்’ என்பதை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரே ஒரு பெயர் வந்தது. ஹெட்செட்டின் உள்பக்கம் அச்சடித்திருக்கும் அதே கம்பெனிப் பெயர், பக்கத்தில் ஏதோ நம்பர். எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பெயரைத் தொட்டேன். ‘இணை’ என்றது, தொட்டேன். ‘இணைக்கப்பட்டது’ என்று பச்சையில் வந்தது.

செயப்பாட்டுவினை. பத்தாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன். யார் செய்தார்கள் என்பதைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்கிற வினை. எது, எதோடு, யாரால் இணைக்கப்பட்டது என்று அப்போதே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினேன். உடனே காதுக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பாத்தியா, வந்துருச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ‘டிங்’, மீட்டிங்கில் இருந்த மகள் ‘ஆச்சா?’ என்று என் போனுக்கு அனுப்பிய மெசேஜ் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

சேலையை மாற்றி, சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே திரையில் ஒரு அம்மா வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். கண்ணாடி, முகத்தில் நல்ல சிரிப்பு. கை கூப்பினார். நானும் கூப்பினேன். அவர் வாய் திறந்து பேச ஆரம்பித்தார்.

சத்தம் இல்லை.

ஹெட்செட்டில் இருந்த எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். காதுக்குள் நிசப்தம். அவர் வாய் மட்டும் அசைகிறது, சிரிக்கிறார், தலையாட்டுகிறார். ‘கேட்கவில்லைங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கணினி வழியாகப் பாடம் நடத்துகிற வேலை கேட்டு வந்தவள், முதல் வாக்கியமே எனக்குக் காது கேட்கவில்லை என்றால் அந்த அம்மா என்ன நினைப்பார்? மூன்று முறை எழுதியிருந்தார்களே. அதனால் நானும் தலையாட்டினேன். புத்தி கெட்டுப் போனால் இப்படித்தான்.

அவர் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தார். முதல் கேள்வி எங்கேயும் ஒன்றுதானே, உன்னைப் பற்றிச் சொல் என்பதுதானே என்று என்னைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. தப்பித்தேன். இரண்டாவது கேள்வி வந்தது. அதில் அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்கிறார் போல என்று நானாக முடிவு செய்து, தயாராக வைத்திருந்த முட்டை அட்டையை எடுத்துக் காட்டினேன்.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். முட்டை அட்டையில் முப்பது குழி. ஒரு வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை. தமிழில் முதலெழுத்து முப்பது. மேல் இரண்டு வரிசையில் உயிர் பன்னிரண்டு, கீழ் மூன்று வரிசையில் மெய் பதினெட்டு. கச்சிதமாக நிறைந்துவிடும், ஒரு குழி மிஞ்சாது. ஒவ்வொரு குழியிலும் ஒரு எழுத்தை எழுதி ஒட்டியிருந்தேன். பதினெட்டு வருடமாக அட்டை அட்டையாக முட்டை அடுக்கியவளுக்குத்தான் இது தோன்றும் என்று எனக்கு அதில் பெருமை. கோழிமுட்டை வைத்து உயிரெழுத்து, கூழாங்கல் வைத்து மெய்யெழுத்து என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா முதலில் குழம்பினார், அப்புறம் முன்னால் சாய்ந்து அட்டையைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். என்னவோ கேட்டார்.

அப்போது லேப்டாப்புக்குப் பின்னால் இருந்த சன்னலை யாரோ தட்டினார்கள். எட்டித் திறந்தால் வீட்டுக்காரர். கையெல்லாம் தீவன மாவு. முகத்தில் பேயறைந்த களை. லேப்டாப்பில் மைக்கை அணைக்கும் இடம் ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதை அணைத்தேன்.

“ஏம்புள்ள, கொட்டாய்க்குள்ளார ஒரு பொம்பள பேசுது. உன்ற பேரச் சொல்லி வணக்கங்குது. கரண்டு எத்தன மணி நேரம் போகும்னு கேக்குது. ஈபி ஆபீசா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எங்கீங்க பேசுது?”

“பாட்டுப் பொட்டியிலதான். முட்டை வண்டிக்குப் போயிட்டு வந்து பாட்டப் போடலாம்னு பாத்தா என்ற போனையே சேத்த மாட்டீங்குது. இந்தம்மா பேசிட்டே கெடக்குது. கோழி பூராம் வாயடச்சுப் போயி நிக்குது.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போன தீபாவளிக்கு நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே கடையில் எனக்கு ஹெட்செட்டும், கொட்டகைக்கு அதேபோல் ஒயர் இல்லாமல் போனோடு சேரும் பாட்டுப் பெட்டியும் வாங்கினோம். இரண்டும் ஒரே கம்பெனி. இவர் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனதும் பாட்டுப் பெட்டி ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. நான் அதைப் போய் இணைத்திருக்கிறேன். என்னை நேர்காணல் செய்கிற அம்மா இத்தனை நேரமும் கோழிகளைத்தான் நேர்காணல் செய்துகொண்டிருந்தார்.

“நிறுத்திப் போட்டு வந்தரட்டா?” என்றார்.

“அய்யோ, நிறுத்தாதீங்க!” என்று கத்தினேன். “அது ஈபி இல்லீங்க. என்னைய இன்டர்வியூ பண்றாங்க. வேலைக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், மேஜைமேல் எடுத்து வைத்திருந்த சான்றிதழைப் பார்த்தார். நான் பயந்தேன். அதை எதற்கு ஒளிக்க வேண்டும், நிஜமாகவே பயந்தேன். அவர் கேட்டது இதுதான்.

“அப்ப அவிய கேக்கறது உனக்குக் கேக்கறதில்லியா?”

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குத் தலைய ஆட்டிட்டிருக்கற?”

“ஆட்டாம என்ன பண்றது?”

“சரி. கேட்டுட்டு வந்து சொல்றேன், இரு” என்று திரும்பி நடந்தார். பெட்டியைக் கழட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது கீழே விழுந்து விழுந்து போகிறது என்று அவரே கட்டுக்கம்பி போட்டு இரும்புத் தூணோடு முறுக்கி வைத்திருந்தார். கரண்டைப் பிடுங்கினால் செத்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் கோழி மிரளும். அதனால் வேறு வழியில்லை. மைக்கைத் திறந்து, கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பண்ணைக்கு ஜெனரேட்டர் இருக்கிறது என்றேன். அந்த அம்மாவுக்கு அப்பாடா என்று இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. அவர் கொட்டகை ஓரம் போய் நின்று கேட்பார், சன்னலுக்கு ஓடி வருவார், கேள்வியைச் சொல்வார். அதுவரை நான் மைக்கை அணைத்துவிட்டு, ஆழமாக யோசிப்பதுபோல் மோவாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“பசங்க சொன்னது கேக்கலீன்னா அடிப்பீங்களாங்கறாங்க. ஆமான்னு சொல்லிப்போடாத.”

“ஒரு வகுப்புல எத்தன பேர வெச்சுச் சமாளிப்பீங்கன்னு கேக்கறாங்க. பத்தாயிரம் கோழியவே சமாளிக்கறோம்னு சொல்லு.”

“வீடு, ஊடு, எதுன்னு சொல்லித்தருவீங்கங்கறாங்க. இதென்ன கேள்வி, ஊடுதான?”

மூச்சு வாங்க வந்து நிற்கும் மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் இவரிடமிருந்து ஒளித்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைகளை அடிக்க மாட்டேன், எழுதும்போது வீடு, எங்கள் ஊரில் பேசும்போது ஊடு, பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியட்டும் என்றேன். திரையில் அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார். போகிற போக்கைப் பார்த்தால் வேலை கிடைத்துவிடும் போலிருந்தது.

அடுத்த கேள்விக்குப் போனவர் வர நேரமாயிற்று. நான் மோவாயில் வைத்த கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.

“எந்த ஊருன்னு கேக்கறாங்க.”

நாமக்கல் பக்கம், சேந்தமங்கலம் போகிற வழியில் எங்கள் ஊர், வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும் என்றேன். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும், இந்த முறை நிறுத்தி நிறுத்தி, எதையோ கேட்டார். ஊரைச் சொன்னதில் என்ன தப்பு? மாவட்டத்தைச் சொல்ல வேண்டுமோ? சன்னலைப் பார்த்தேன். அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கேயே நின்றார். வா வா என்று கையைக் காட்டினேன். வரவில்லை. நான் மேஜைக்கடியில் காலைத் தரையில் உதைத்தேன். கடைசியில் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவிய ஊரக் கேக்கல. இருபது வருசத்துக்கு மேல ஏன் வேலைக்குப் போகலீன்னு கேக்கறாங்க. மொதல்லயும் அதையேதான் கேட்டாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்.”

எதற்கு மாற்றிச் சொன்னார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்க மனமில்லை போல என்று நினைத்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்த பிறகும் அம்மாவுக்குப் பரிந்துகொண்டு வருகிறாரா? கேட்கட்டும் என்று, அவரையும் வைத்துக்கொண்டே, திரையைப் பார்த்து நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

“குழந்தை பிறந்ததால நின்னேனுங்க. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துலயே மறுபடியும் கூப்பிட்டாங்க. நான் போகணும்னு இருந்தேன். வீட்டுலதான் வேண்டாம்னுட்டாங்க.”

“ங்க போடாத” என்றார் சன்னலில் இருந்து.

நான் மைக்கை அணைக்க மறந்தேன்.

“வேண்டாம்னுட்டாங்கன்னு ஆரச் சொல்ற? அந்த ‘ங்க’ நாந்தான் புள்ள. என்ற அம்மா ஒண்ணுஞ் சொல்லுல. போவட்டுமேடா, படிச்ச புள்ளதானன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வெளிய வந்து வேண்டாங்கறாங்கன்னேன்.”

எங்கள் பக்கம் எல்லாருக்கும் ‘ங்க’தான். ஒரு ஆளுக்கும் அதுதான், ஒன்பது ஆளுக்கும் அதுதான். மரியாதைக்கும் அதுதான், ஆள் யாரென்று சொல்லாமல் நழுவுவதற்கும் அதுதான். அன்று சாயங்காலம் அவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லில் யாரும் இல்லை. அதற்குள் அத்தையைக் கொண்டுபோய் உட்கார வைத்தவள் நான்.

திரையில் அந்த அம்மா என்னவோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்டிருக்கும். முகம் கனிந்துவிட்டிருந்தது, நெடுநேரம் பேசினார். அதைக் கேட்கக் கொட்டகையில் ஆள் இல்லை. எனக்குக் கண்ணை மறைத்தது. ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும். அந்த நிமிடத்தில் முன்னை விடவும் வேண்டும்.

“போங்க” என்றேன். “என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க.”

ஓடினார். வந்தார்.

“திங்கக்கெழம ஒரு வகுப்பு எடுத்துப் பாக்க முடியுமான்னு கேக்கறாங்க. அந்த அட்டையவே வெச்சு எடுக்கச் சொல்றாங்க.”

“முடியுங்க” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அந்த அம்மா கை கூப்பினார். திரை கருத்தது. நான் ஹெட்செட்டைக் கழட்டி வைத்தேன். அவர் சன்னலுக்கு வெளியே அதே இடத்தில் நின்றார்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“பண்ணை போட்டு ரெண்டாவது வருசம். நீயும் போயிட்டா நா ஒருத்தன் என்ன பண்ணுவேன்னு இருந்துச்சு” என்றார். அப்புறம், “அது மட்டுமில்ல. நா பத்தாவது. டீச்சரம்மா ஊட்டுக்காரன்னு எல்லாரும் சொல்லுவாங்கன்னு இருந்துச்சு. அதான்” என்றார்.

“நான் அத்தையோட பேசாம இருந்தது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவங்களுக்கு?”

தீவன மாவு ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவுங்களுக்கும் தெரியும். நா சொல்லிப்போடறேன்மான்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னேன். சொல்லாதன்னுட்டாங்க. எம்மேலயே கோவமா இருந்துட்டுப் போவட்டுஞ் சாமி, நாங் கெழவி தாங்கிக்குவேன். அவ உன்னோட பேசாம இருந்தா நீ தாங்க மாட்டேன்னாங்க.”

நான் சன்னலைச் சாத்தினேன். உலை வைத்தேன், குழம்பு கூட்டினேன், ஒரு மணிக்குத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று குழம்பிப்போய், அடுப்பையும் பாத்திரத்தையும் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குக் கடைசியில் காலெல்லாம் வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏதாச்சும் பேசேஞ் சாமி” என்பார். நான் கையை உருவிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை வகுப்பெடுத்தேன். வேலையும் கிடைத்தது. அவரோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தாங்க முடியாமல் நானே போய்ப் பேசிவிட்டேன். அத்தையிடம் பேசத்தான் எனக்கு வழியில்லை.